மெழுகுதிரி விளம்பரம்

சனிக்கிழமை மத்தியானம் ஆகியும் கடைக்கு ஒருவரும் வரவில்லை.

ஸ்ரெபானி கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. ஹோர்சன்ஸ் என்ற டேனிஷ் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில், சைக்கிள் திருத்தும் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் இருந்தது அவர்களுடைய றோல்ஸ் பொரித்து விற்கும் கடை. சைக்கிள் கடைக்கு ஆள் வந்தது. முடிவெட்டும் கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். நடுவில் இருந்த கடையை எல்லோரும் தாண்டிப் போனார்கள்.

உள்ளே அப்பா டெனிஸ்ரன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த மேசை.

"அப்பா, அது சுத்தமாத்தானே கிடக்கு."

"ஓம்."

"பிறகேன் துடைக்கிறீங்கள்?"

அப்பா துணியை மடித்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்.

அம்மா ஜனவரியில் இறந்துபோனார். அதற்கு முன்பும் அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. கடையில் அப்பா பொரிப்பார், அம்மா கதைப்பார். தொலைபேசியை எடுப்பது, ஓடர் எழுதுவது, வருகிறவர்களிடம் வம்பளப்பது, கடையின் முகநூல் பக்கத்தில் படம் போடுவது எல்லாம் அம்மாவின் வேலை. அப்பா உள்ளே தாச்சியின் முன் நிற்பார். பாதிப் பேருக்கு அவர் முகமே தெரியாது.

இப்போது கடையில் பொரிக்க ஆள் இருந்தது. கதைக்க ஆள் இல்லை.

தொலைபேசி அடித்தது. ஸ்ரெபானி துள்ளி எழுந்தாள். ஓடர் இல்லை. ஸ்கீவவிலிருந்து விமலராணி மாமி. அப்பாவின் அக்கா.

"தம்பி, கட்டில் வாங்கியாச்சு. மெத்தை உறை என்ன நிறத்தில வேணுமெண்டு பிள்ளையிட்டக் கேளடா."

அப்பா ஸ்ரெபானியைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்தாள்.

"பிறகு சொல்லுறன் அக்கா" என்று அப்பா வைத்துவிட்டார்.

அந்தக் கட்டில் ஸ்ரெபானிக்காக. இந்த மே மாதம் முடியும்வரை பார்ப்பது, அதற்குள் ஓடர் வராவிட்டால் கடையைப் பூட்டுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். பிறகு வைலேயில் ஒரு பொருள் கிடங்கில் இரவு வேலை. இரவில் பிள்ளையைத் தனியே விட முடியாது. அதனால் ஸ்ரெபானி ஸ்கீவவுக்குப் போக வேண்டும். அங்கேயே பள்ளிக்கூடம்.

மாமி நல்லவர். நன்றாகச் சமைப்பார். ஆனால் ஸ்கீவவில் அப்பா இல்லை.

"வெளியில ஆருக்கும் இதைச் சொல்லக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். "பாவம் பாத்து வாங்கிற றோல்ஸ் எனக்கு வேண்டாம்."

அண்மையில் அவர் பேசியவற்றில் மிக நீளமான பேச்சு அதுதான்.

*

பிற்பகல் ஜோனாஸ் வந்தார். சிறிய கடைக்காரர்களுக்கு யோசனை சொல்வது அவர் தொழில். நல்ல உயரம். ஒவ்வொரு முறையும் சைக்கிள் தலைக்கவசத்தோடு உள்ளே வந்து, கதவு மேல்கட்டையில் 'டொக்' என்று முட்டிக்கொள்வார்.

"ஹய் ஸ்ரெபானி!" மடிக்கணினியைத் திறந்தார். "டெனிஸ்ரன், வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் வேறு வேறு கணக்கில் வைக்கச் சொன்னேனே?"

"வைத்துவிட்டேன்" என்றார் அப்பா டேனிஷில்.

"வாங்குகிறவர்கள் காசு அனுப்ப மொபைல்பே எண்?"

அப்பா கதவைக் காட்டினார். பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

"வாரம் ஒரு விளம்பரம்?"

"எழுதித் தந்தேன்."

ஜோனாஸ் தலையைச் சொறிந்தார். "சொன்னதையெல்லாம் செய்திருக்கிறீர்கள். பொதுவாக யாரும் செய்வதில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது."

விளம்பரங்களுக்கான வரிகளை அப்பாதான் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். ஜோனாஸ் அவற்றைக் கடையின் பக்கத்திலிருந்து, ஹோர்சன்ஸிலும் வைலேயிலும் இருக்கும் தமிழர்களுக்குப் போகும்படி செய்திருந்தார். முதல் விளம்பரம் இதுதான்: 'றோல்ஸ். பற்றிஸ். கிடைக்கும்.'

"ஆனால் இங்கே பாருங்கள்" என்று ஜோனாஸ் திரையைத் திருப்பினார். "இவ்வளவு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்! கைகூப்புகிறார்கள், இதயம் போடுகிறார்கள். என்னுடைய வேறு எந்தக் கடைக்கும் இப்படி வந்ததில்லை. உங்கள் மனைவியின் படம் நல்ல தெரிவு. சிரித்த முகம். பக்கத்தில் மெழுகுதிரி வேறு. பார்த்ததும் மனதுக்கு இதமாக இருக்கிறது."

அப்பா அந்தப் படத்தை ஒரு கணம் பார்த்தார். "கோப்பி போடுகிறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

"இத்தனை பேர் எழுதுகிறார்கள். ஒருவரும் வாங்கவில்லை. ஏன்?" ஜோனாஸ் குரலைத் தாழ்த்தினார். "உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

"மெதுவாக வாசிப்பேன்" என்றாள் ஸ்ரெபானி. தமிழ்ப் பள்ளியில் அவளுக்கு வாசிப்பில் நல்ல புள்ளி. வேகத்துக்கு மட்டும் இல்லை.

திரைக்குப் பக்கத்தில் குனிந்து, விரலை வைத்து வாசித்தாள்.

மேலே: 'றோல்ஸ். பற்றிஸ். கிடைக்கும்.'

கீழே: 'ஆழ்ந்த அனுதாபங்கள்.'

அதற்குக் கீழே: 'அஜந்தினி அக்காவின் ஆன்மா இறைவனில் இளைப்பாறட்டும்.'

அடுத்த விளம்பரம்: 'வார இறுதியில் சலுகை உண்டு.'

கீழே: 'நம்ப முடியவில்லை. குடும்பத்துக்குக் கடவுள் ஆறுதல் தரட்டும்.'

ஸ்ரெபானிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு 'அஜந்தினி' என்ற அம்மாவின் பெயரில் விரல் நின்றது.

படத்தை மறுபடி பார்த்தாள். வீட்டுச் சுவரில் தினமும் பார்க்கிற படம். அவளுக்கு அது அம்மா, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது என்ன என்று அவள் இதுவரை யோசித்ததில்லை. கறுப்புக் கரை. ரோஜாப் பூக்கள். எரிகிற மெழுகுதிரி. முப்பத்தொன்றாம் நாள் நினைவுக்கு அச்சடித்த படம். அப்பாதான் அதைக் கடைப் பக்கத்தின் முகப்புப் படமாகப் போட்டார்; விளம்பரங்களோடு அதுவும் போயிருக்கிறது. போட்டபின் அந்தப் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை.

"என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று ஜோனாஸ் கேட்டார்.

"அம்மா செத்துப்போனதற்குத் துக்கம் சொல்கிறார்கள்."

ஜோனாஸின் காது நுனிவரை சிவந்தது. அவருக்கு அது தெரியாது. அப்பா சொல்லியிருக்கவில்லை.

"அப்படியென்றால் அந்த மெழுகுதிரி..."

"செத்தவர்களுக்கு ஏற்றுவது."

"நான் அதை எங்கள் வீடுகளில் இதமாக இருக்கட்டும் என்று கோப்பி குடிக்கும்போது ஏற்றுகிற மெழுகுதிரி என்று நினைத்தேன்." இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்தார். "ஐயோ. காசு கட்டி, ஊர் முழுக்க மரண அறிவித்தல் அனுப்பியிருக்கிறேன்."

உடனே நிமிர்ந்தார். "இப்போதே படத்தை மாற்றிவிடுகிறேன்."

"வேண்டாம்!" ஸ்ரெபானி மடிக்கணினியின் மேல் கையை வைத்தாள். "அது அப்பா போட்ட படம். அப்பாதான் எடுக்க வேண்டும்."

ஜோனாஸ் அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். கோப்பி வந்ததும் ஒரே மூச்சில் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டார். போகும்போது கதவில் மறுபடி முட்டிக்கொண்டார்.

*

மறுநாள் தமிழ்த் திருப்பலி. முடிந்ததும் எல்லோரும் தேவாலய மண்டபத்தில் தேநீர் குடிப்பது வழக்கம்.

அப்பாவிடம் எல்லோரும் வந்தார்கள். கையைப் பிடித்தார்கள். "என்ன தம்பி, எப்பிடி இருக்கிறியள்?" என்றார்கள். "ஓம்" என்றார் அப்பா. பிறகு அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள், நகர்ந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டதுபோல வெறுமையாகிவிட்டது. நடுவில் அப்பா ஒரு காகிதக் கோப்பையோடு நின்றார்.

ஸ்ரெபானி அருமைநாயகி அன்ரியைத் தேடிப் போனாள். அன்ரியின் கடைசி மகன் றொஜிதனுக்கு இந்த மாதக் கடைசியில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. பெரிய விருந்து. முந்தின வருடங்களில் அன்ரி வீட்டு விருந்து என்றால் றோல்ஸ் அவர்கள் கடையிலிருந்துதான் போகும்.

"அன்ரி, புதுநன்மைக்கு றோல்ஸ் ஆரிட்ட எடுக்கிறீங்கள்?"

அன்ரிக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

"அது பிள்ளை... கடையில விக்கிற ஐஸ் போட்ட றோல்ஸ் பெட்டி ரண்டு வாங்குவம் எண்டு... றொஜிதனுக்கும் பெரிசா விருப்பமில்லைத்தான்."

"அது நல்லாயிராதே."

"நல்லாயிராதுதான்!" அன்ரி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "உங்கட வீட்டில துக்கம், பிள்ளை. நாங்கள் கொண்டாட்டத்துக்குப் பலகாரம் கேட்டு அந்த வீட்டு வாசலுக்கு வாறதோ? வாய் வருமோ? வருசம் திரும்பட்டும் எண்டுதான் எல்லாரும் ஒதுங்கி நிக்கிறம்."

வருடம் திரும்ப ஜனவரி ஆகும். கடைக்கு மே வரைதான் நேரம். அது ஸ்ரெபானியின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். விழுங்கிக்கொண்டாள்.

"அதோட," என்றார் அன்ரி, "றோல்ஸ் செய்தவவே போயிட்டா. கொப்பா பாவம், என்ன செய்வார்?"

ஸ்ரெபானி வாயைத் திறந்தாள். அதற்குள் அன்ரி அவள் கன்னத்தைத் தடவினார். "என்ர சருவச்சட்டியும் உங்கட வீட்டிலதான் கிடக்கு. அவசரமில்லை. ஆறுதலாத் தா."

*

வீட்டுக்கு வந்ததும் ஸ்ரெபானி அந்தச் சருவச்சட்டியைத் தேடினாள். சமையலறையின் மேல் அலுமாரியில் கிடைத்தது. அது மட்டும் இல்லை.

அம்மா இறந்தபோது வீட்டில் அடுப்பு எரியவில்லை. எல்லோரும் சோறும் கறியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தச் சட்டிகள் எல்லாம் இங்கே இருந்தன. பெரிய சட்டி, சின்னச் சட்டி, மூடி நெளிந்த சட்டி, ஐஸ்கிரீம் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி வீட்டுக்காரர் பெயர் எழுதியிருந்தது. அப்பா எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, அடுக்கி வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கத்தான் போகவில்லை. போனால் கதைக்க வேண்டும்.

ஸ்ரெபானி ஒவ்வொன்றாக இறக்கி மேசையில் வைத்தாள். மேசை நிறைந்துவிட்டது.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். "என்ன செய்யிறாய்?"

"இதுகளைத் திருப்பிக் குடுக்க வேணும் அப்பா."

"குடுப்பம்."

"எப்ப?"

அப்பா ஒரு மூடியை எடுத்துத் துடைத்தார்.

"சும்மா வெறுஞ்சட்டியாக் குடுக்கேலாது" என்றாள் ஸ்ரெபானி. "ஏதாவது போட்டுத்தான் குடுக்க வேணும். அம்மா அப்பிடித்தான் செய்வா."

"என்ன போடுறது?"

"எனக்கென்ன தெரியும்? உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?"

அப்பா அவளைப் பார்த்தார். அவர் வாயோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"றோல்ஸ்" என்றார்.

"அப்ப அதைப் போடுங்கோ."

இனி மற்றதையும் சொல்ல வேண்டும். ஸ்ரெபானி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கடைப் பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ. நீங்களே பாக்க வேணும்."

அவள் கைபேசியை நீட்டினாள். அப்பா வாங்க யோசித்தார். பிறகு வாங்கி, நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். விரல் மேலே தள்ளிக்கொண்டே போனது. வெளியே மழை பெய்யத் தொடங்கியது. ஸ்ரெபானி சட்டிகளின் மூடிகளைப் பொருத்திக் கழற்றி, பொருத்திக் கழற்றி நேரத்தைப் போக்கினாள்.

"எல்லாரும் எழுதியிருக்கினம்" என்றார் அப்பா கடைசியில்.

"ஓம்."

"ஒருத்தரும் வரேல்லை எண்டு நினைச்சன்."

"உங்களைக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டு நிக்கினம் அப்பா. துக்க வீடெண்டு. கடை திறந்திருக்கெண்டே அவைக்குத் தெரியாது."

அப்பா அம்மாவின் படத்தை விரலால் தொட்டுப் பெரிதாக்கினார். மெழுகுதிரி திரைக்கு வெளியே போய், அம்மாவின் முகம் மட்டும் நின்றது.

"இவவை எடுத்தால் கடையில இல்லாமப் போயிடுவா" என்றார்.

ஸ்ரெபானி மூடியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் அதே பயம்தான். அவள் போய் அப்பாவின் கதிரையில், அவர் பக்கத்தில் மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் படத்தைப் பார்த்தார்கள்.

பிறகு அப்பா கைபேசியை அவளிடம் கொடுத்தார்.

"நீ மாத்து. வீட்டுப் படம் வீட்டில இருக்கட்டும்."

*

அடுத்த சனிக்கிழமை காலையில் அப்பா மாவைக் கரைத்தார். தாச்சியில் மெல்லியதாக ஊற்றி எடுத்தார். உருளைக்கிழங்குக் கறியை நடுவில் வைத்துச் சுற்றினார். முட்டையில் தோய்த்து, பாண் தூளில் புரட்டி, எண்ணெயில் விட்டார். அவர் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. வாய்க்குத்தான் வேலை தெரியாது. கைக்குத் தெரியும்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. படம் எடுக்கப் போறன்."

"முகம் வேண்டாம்."

"அப்ப?"

"கை போதும்."

ஸ்ரெபானி தட்டு நிறைய றோல்ஸையும் அப்பாவின் மாவு படிந்த கையையும் எடுத்தாள். கடைப் பக்கத்தில் அதைப் போட்டாள். மெழுகுதிரி இல்லை.

சட்டிகளில் றோல்ஸை அடுக்கிக் காரில் ஏற்றினார்கள். முதலில் அருமைநாயகி அன்ரி வீடு. அப்பா காரை நிறுத்தினார். இறங்கவில்லை.

"நீ போய்க் குடுத்திட்டு வா."

ஸ்ரெபானி சருவச்சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்த அன்ரி, "நான் அவசரமில்லை எண்டெல்லோ சொன்னன்" என்று மூடியைத் தூக்கினார். ஆவி வந்தது. அன்ரி ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொரு தடவை கடித்தார்.

"ஆர் செய்தது?"

"அப்பா."

"அஜந்தினி செய்யிற அதே ருசி!"

"அம்மாவுக்கு றோல்ஸ் சுத்தவே தெரியாது அன்ரி. அவ சுத்தினா எண்ணெய்க்குள்ள வெடிச்சிடும். எப்பவும் அப்பாதான்."

"என்னடி சொல்லுறாய்! நான் அவவின்ர கைப்பக்குவம் எண்டு ஊர் முழுக்கக் கதைச்சுத் திரிஞ்சன். அவவும் ஒரு நாளும் இல்லையெண்டு சொல்லேல்லையே!" அன்ரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கொப்பா எங்க?"

"காருக்குள்ள."

அன்ரி வீட்டுச் செருப்போடு மழையில் இறங்கிப் போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினார். அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"ஏன் தம்பி, எங்கட வீட்டுக்குள்ள வரக் கூடாதோ?"

"இல்லை அக்கா... கன வீட்டுக்குப் போக வேணும்."

"கடை திறந்துதான் கிடக்குதோ?"

"ஓம்."

"றொஜிதன்ர புதுநன்மைக்கு செய்து தருவியளோ? கேக்கிறன் எண்டு குறை நினையாதையுங்கோ."

மழை அன்ரியின் தலையில் விழுந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். ஸ்ரெபானி அன்ரியின் பின்னால் வந்து நின்றாள்.

"எத்தினை பேர்?" என்றார் அப்பா.

"வீடு கொள்ளாத சனம். ஆனா ஒண்டு, விலையைக் குறைச்சுத்தான் போட வேணும். இப்பவே சொல்லிப்போட்டன்."

"குறைக்கேலாது அக்கா."

"அட, வாயைத் திறந்த உடனேயே வியாபாரமோ!"

"உருளைக்கிழங்கு விலை கூடிப்போச்சு" என்றார் அப்பா. அவர் முகம் மாறவே இல்லை. ஆனால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பாவம் பார்த்து வாங்குகிறவர்கள் பேரம் பேசமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு மற்ற வீடுகள். ஒரு வீட்டில் ஆள் இல்லை. ஒரு வீட்டில் மூடியைத் திறந்ததும் அழுதார்கள். ஒரு வீட்டில் சட்டி தங்களுடையதே இல்லை என்றார்கள், றோல்ஸை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடைசி வீட்டுக்கு அப்பா தானே காரிலிருந்து இறங்கிப் போனார். வாசலில் நின்று என்ன கதைத்தார் என்று ஸ்ரெபானிக்குக் கேட்கவில்லை. ஆனால் திரும்பிவர நேரம் எடுத்தது.

*

மாதக் கடைசியில் ஜோனாஸ் மறுபடி வந்தார். இந்த முறை குனிந்து வந்தார். முட்டவில்லை.

கடை நிறைய மாவு வாசனை. மேசை முழுக்கத் தட்டுகள். ஜோனாஸ் திரையைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார்.

"இப்போது பக்கத்தில் யாருமே அவ்வளவாக எழுதுவதில்லை. ஆனால் ஓடர் வருகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"சட்டி திருப்பிக் கொடுத்தோம்" என்றாள் ஸ்ரெபானி.

"அது எந்த முறை? நான் படித்ததே இல்லையே." அவர் உண்மையாகவே தட்டச்சுச் செய்துகொண்டார். "மற்றக் கடைகளுக்கும் சொல்லலாமா?"

"சட்டி வேண்டும்" என்றார் அப்பா.

தொலைபேசி அடித்தது. அப்பாவின் இரண்டு கையிலும் மாவு. ஸ்ரெபானி அதை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். மாமியின் குரல் அவளுக்கும் கேட்டது.

"தம்பி, மெத்தை உறை நிறம் நீ இன்னும் சொல்லேல்லை. நான் நீலத்தில வாங்கட்டோ?"

"வேண்டாம் அக்கா" என்றார் அப்பா. "கட்டிலை வேற ஆருக்கும் குடுங்கோ."

"ஏனடா, பிள்ளை வரேல்லையோ?"

"இல்லை. பிள்ளை இஞ்சதான் நிக்கும். எனக்கு இஞ்ச வேலைக்கு ஆள் காணாது."

மாமி ஏதோ சொன்னார். அப்பா "ஓம்" என்றார். பிறகு யோசித்து, "லீவு நாளுக்கு ரண்டு பேரும் வாறம்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஸ்ரெபானி தொலைபேசியை வைத்தாள். தட்டில் அவள் சுற்றிய ஒரு றோல்ஸ் வெடித்துக் கிடந்தது. அதை எடுத்து வாயில் போட்டாள். சூடு. ஊதி ஊதித் தின்றாள்.

"முடிஞ்சுதோ?" என்றார் அப்பா. "உருளைக்கிழங்கை உரி."

இன்னும் ஒரு வாளி நிறைய இருந்தது. ஸ்ரெபானி கதிரையை இழுத்துப் போட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள்.